கிண்டிலைப் பேசவைத்த ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை மாலை கிண்டில் வந்தது, அமேசானின் மின்புத்தகக் கருவி. பார்சலைப் பார்த்ததும் மகள் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். பெட்டியைப் பிரிக்கும்வரை விட்டுவிட்டேன். உள்ளுறையை உரித்துவிட்டு, "அப்பா, நானே ஆன் பண்ணி எல்லாத்தையும் செட் பண்ணிடட்டுமா? அஞ்சே நிமிஷம்" என்றபோதுதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். "வேண்டாம் கண்ணு, இதை நான்தான் பேசவைக்கணும்."

அவள் செய்தால் நிஜமாகவே ஐந்து நிமிடம்தான். ஆனால் இன்னொரு நாள் கருவி பேச்சை நிறுத்திக்கொள்ளும்போது அவள் கல்லூரியில் இருப்பாள். நான் ஒரு கண்ணாடிப் பலகையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எந்தக் கருவியானாலும் முதல் சொல்லை நானே அதன் வாயிலிருந்து வரவழைத்துவிட்டால், பிறகு எப்போது அடங்கிப்போனாலும் பயமில்லை. அதனால் அன்று ஒரு கணக்கு ஆரம்பித்தேன். வீட்டில் யாருடைய பார்வையையாவது கேட்டு வாங்கினால் அது ஒரு 'கண் கடன்'. எத்தனை கடனில் வேலை முடிகிறது என்று பார்க்கலாம்.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பெங்களூரு அல்சூரில் வீடு, வங்கியில் வேலை. அலுவலகக் கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக், இரண்டும் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர்கள், நாள் முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருப்பவை. "போன்லயே எல்லாம் படிக்குதே, உனக்குத் தனியா ஒரு ஸ்க்ரீன் எதுக்கு?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். போனில் நாவல் கேட்பவர்களுக்குப் பதில் தெரியும். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிற இடத்தில் அதே குரல், அதே தொனியில், கேஸ் சிலிண்டர் கிளம்பிவிட்டது என்று சொல்லும். புத்தகத்துக்கென்று ஒரு பொருள் வேண்டும், அதற்கு வேறு எந்த வேலையும் தெரியக்கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

வாங்கும்போதே ஒன்று தெரியும். கிண்டிலில் இருக்கும் வாய்ஸ்வியூ என்ற பேச்சு வசதி ஆங்கிலம் பேசும், தமிழ் பேசாது. தமிழ்ப் புத்தகங்கள் 2016 முதலே கிண்டில் கடையில் கிடைக்கின்றன. அவற்றைக் காதால் படிக்க வேறு வழி வேண்டும். அதற்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை அலமாரியிலிருந்து எடுத்துவைத்திருந்தேன். ஆக இது இரண்டு வேலை. முதலில் சுலபமான ஆங்கிலப் பாதி.

நான் வாங்கியது பேப்பர்வொயிட், 2021இல் வந்த 6.8 அங்குல மாடல். கையில் எடுத்ததும் முதல் சிக்கல் தெரிந்துவிட்டது. முன்பக்கம் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சமதளம். திரை எங்கே தொடங்குகிறது, தலை எது, கால் எது, விரலுக்குப் புரியாது. உருப்படியாகத் தட்டுப்படுவது கீழ்விளிம்பில் சார்ஜர் துளையும் அதன் பக்கத்தில் இருக்கும் ஒரே பொத்தானும்தான். பொத்தான் வயிற்றைப் பார்த்து இருந்தால் கருவி நேராக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மனைவியிடம் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று கேட்டு வாங்கிப் பின்பக்கத்தின் மேல் மூலையில் ஒட்டினேன். இனி பையிலிருந்து எடுக்கும்போதே திசை தெரியும்.

"வாஷிங் மெஷினுக்கு ரெண்டு, இண்டக்ஷன் அடுப்புக்கு மூணு, இப்ப இதுக்கு ஒண்ணு. நான் வைக்கிறதுக்கு ஏதாவது மிச்சம் வைங்க" என்றாள். பொட்டு ஒட்டுவதற்குப் பார்வை தேவையில்லை, அதனால் இது கடனில் சேராது.

இந்தக் கருவிக்கு ஸ்பீக்கரும் இல்லை, இயர்போன் துளையும் இல்லை. பேச வேண்டுமென்றால் புளூடூத் வழியாக யாருடைய வாயையாவது இரவல் வாங்க வேண்டும். ஆனால் புளூடூத்தை இணைக்கப் பட்டியலைத் திறக்க வேண்டும், பட்டியலைத் திறக்கப் பேச்சு வேண்டும். கோழி முதலா முட்டை முதலா கதை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரை இணைப்புக்குத் தயார் நிலையில் வைத்துவிட்டு, கிண்டிலின் பொத்தானை 9 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டதும் இரண்டு விரல்களை இடைவெளி விட்டுத் திரையில் ஒரு வினாடி வைக்க வேண்டும். கருவி தானாக அக்கம்பக்கத்தில் ஸ்பீக்கரைத் தேடிப் பிடித்து அதன் வழியாகப் பேசும். இரண்டு நிமிடம்வரை ஆகலாம். பேச்சு கேட்டதும் மறுபடி இரண்டு விரல்களை 5 வினாடி வைத்து, 'ஆமாம், இதுதான்' என்று உறுதி சொல்ல வேண்டும்.

படிக்க நான்கு வரி. எனக்கு ஞாயிறு காலைக் காப்பியிலிருந்து பதினொரு மணிவரை ஆயிற்று.

முதல் முறை பொத்தானைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். மனதுக்குள் ஒன்பது எண்ணுவது நம்பகமானதில்லை, அவசரத்தில் ஆறு வினாடியிலேயே ஒன்பது வந்துவிடுகிறது. சுவர்க் கடிகாரத்தின் முள் சத்தத்துக்குக் கீழே நின்றுகொண்டு எண்ணினேன். இரண்டாம் முறை ஸ்பீக்கரில் 'கனெக்டட்' என்று குரல் வந்தது. ஆகா என்று இரு விரல்களை வைத்தேன். பேச்சு இல்லை. அரை நிமிடம் கழித்து என் போன் அடித்தது, மணி ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அது போய் ஒட்டிக்கொண்டது பழைய சிநேகிதனான என் போனோடு. சரி, போனில் புளூடூத்தை அணைத்தேன்.

மூன்றாம் முறையும் 'கனெக்டட்'. விரல்களை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தேன். ஓர் ஆண் குரல் கனிவாகப் பேச ஆரம்பித்தது. பென்சீன் வளையத்தைப் பற்றி. கிண்டில் என்னை எதற்கு வேதியியல் படிக்கச் சொல்கிறது என்று ஒரு கணம் குழம்பித்தான் போனேன். உள்ளறையில் மகள், "அப்பா, என் போன்ல சவுண்டே வரல!" என்று கத்தினாள். போன மாதம் பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட அந்த ஸ்பீக்கரைத் தன் போனோடு இணைத்திருக்கிறாள்.

பெங்களூரின் மின்னணுச் சாமான் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய ஸ்பீக்கர் அது. அதன்மேல் குறை சொல்ல மாட்டேன், பழகினவரை மறக்காமல் இருப்பது குணம்தானே. வீட்டிலிருந்த எல்லாப் போனிலும் புளூடூத்தை அணைக்கச் சொன்னேன். நான்காம் முறையும் அமைதி. அப்போதுதான் உறைத்தது: வலது கையால் இரு விரல் வைக்கும்போது, கருவியைப் பிடித்திருக்கும் இடது கைப் பெருவிரலும் கண்ணாடிமேல் கிடக்கிறது. மூன்றாவது விரலாக அதையும் எண்ணியிருக்கலாம். மேசைமேல் துண்டை விரித்து, கருவியைப் படுக்கவைத்து, இரண்டே விரல்களை வைத்தேன். ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். உறுதி சொல்ல 5 வினாடி பிடி என்றது. பிடித்தேன். பிடித்தபடியே, "பேசுது! பேசுது!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார்.

அதன்பிறகு ஓட்டம்தான். ஒரு விரலை மேயவிட்டால் அடியில் இருப்பதைச் சொல்லும், வலப்புறம் தள்ளினால் அடுத்ததுக்குப் போகும், இருமுறை தட்டினால் திறக்கும். டாக்பேக் பழகியவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்: இந்தத் திரைக்கு நிதானம் அதிகம். தட்டிவிட்டு ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பதில் வரவில்லையே என்று இன்னொரு முறை தட்டினால் வேறெங்கோ போய் நிற்போம்.

வைஃபை கடவுச்சொல் ரவுட்டரின் வயிற்றில் ஒட்டியிருந்தது. போனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலியால் படம்பிடித்தேன். இரண்டு முறை தவறு என்றே வந்தது. பூஜ்ஜியமா, ஓ எழுத்தா என்பது எந்தச் செயலிக்கும் குழப்பம்தான். மகளைக் கூப்பிட்டேன். "பூஜ்ஜியம்பா." முதல் கண் கடன். கருவி அவளுடைய அமேசான் கணக்கில் வாங்கியது என்பதால் என் அமேசான் கணக்கில் நுழைய வேண்டியிருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: விசைப்பலகையில் எழுத்தைத் தேடும்போது விரல் படும் விசையையெல்லாம் கருவி சொல்லிக்கொண்டே வரும். கடவுச்சொல்லைத் தட்டப்போகும் முன் ஸ்பீக்கரை விட்டு புளூடூத் இயர்போனுக்கு மாறிவிடுங்கள். நான் மாறவில்லை. சாயங்காலமே புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு வாண்டு என் பழையதை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

புத்தகத்தைத் திறந்து இரு விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தால் தொடர்ச்சியாகப் படிக்கும், பக்கங்களை அதுவே திருப்பிக்கொள்ளும். வேகத்தை அமைப்பில் கூட்டிக்கொண்டேன். நான் கேட்கும் வேகம் மற்றவர் காதுக்கு எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல இருக்கிறதாம். புத்தகம் வாங்கும் முன் கடைப்பக்கத்தின் விவரப் பட்டியலில் 'ஸ்க்ரீன் ரீடர்: சப்போர்ட்டட்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். படமாக ஒட்டிய புத்தகங்களை எந்தக் குரலாலும் படிக்க முடியாது.

இந்தப் பேச்சு ஒரே நேர்கோட்டில் வந்ததில்லை. 2009 பிப்ரவரியில் வந்த கிண்டில் 2 சத்தமாகப் படிக்கும். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அதை எதிர்த்தது, ஒலிநூல் உரிமையைப் பறிக்கிறது என்றது. எந்தப் புத்தகம் பேசலாம், எது பேசக்கூடாது என்பதை உரிமையாளரே முடிவு செய்யட்டும் என்று அமேசான் விட்டுவிட்டது. அங்கிருந்த பார்வையற்றோர் அமைப்புகள் நியூயார்க்கில் சங்க அலுவலகத்தின் முன் நின்று போராடினார்கள். 2012இல் வந்த பேப்பர்வொயிட்டில் ஒலியே இல்லாமல் போய், 2016இல்தான் புளூடூத்தோடு பேச்சு திரும்பியது. கண்ணால் படித்தால் வாசிப்பு, காதால் படித்தால் வேறு வியாபாரம் என்று யாரோ கோடு போட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

வியாழக்கிழமை மெட்ரோவில் அந்த 9 வினாடிப் பாடம் பயன்பட்டது. இயர்போனைக் கழற்றி மாட்டியதில் பேச்சு அறுந்துவிட்டது. எங்கள் அல்சூரின் ஹலசூரு நிலையத்தில் ஏறினேன், எம்.ஜி. ரோடு வருவதற்குள் மடிமேல் பையை வைத்து, பைமேல் கருவியை வைத்து, பொத்தான், இரு விரல், குரல். பக்கத்திலிருந்தவர் உதவட்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். 'பேடா சார்' என்று சொன்னபோது எனக்கு இருந்த கெத்தை அவர் கவனித்தாரோ என்னவோ.

இனி தமிழ்.

அலமாரியிலிருந்த பழைய போனை முழுக்கத் துடைத்துப் புதிதாக்கினேன். ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில வினாடி பிடித்தால் டாக்பேக் வாய் திறந்துவிடுகிறது. சொந்த வாய் இருப்பதன் சுகம். சிம்மை எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப் இல்லை, மெயில் இல்லை, அறிவிப்புகள் எல்லாம் அடைப்பு. கூகுள் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரலை இறக்கி அதையே இயல்பாக வைத்தேன். கிண்டில் செயலியும், கோப்புகளைச் சத்தமாகப் படிக்கும் ஒரு செயலியும் மட்டும். சிம் இல்லாத அந்தப் போன்தான் என் தமிழ்ப் புத்தகக் கருவி.

குரல் தேர்வுக்கு ஒரு முழு மாலை செலவழித்தேன். ஈஸ்பீக் என்ற இயந்திரக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசும், ஆனால் எவ்வளவு விரட்டினாலும் எழுத்தை விழுங்காது. கணக்கு வழக்கு, பிழை திருத்தம் எல்லாம் அதில்தான். கதைக்குக் கூகுள் குரல். விண்டோஸில் கிடைக்கும் தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர். எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு வள்ளுவர் சிலை இருக்கிறது. 18 ஆண்டுகள் துணியால் மூடியே நின்று, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறந்தார்கள். ஒருவர் பேசாமல் நிற்க, இன்னொருவர் என் லேப்டாப்பில் வங்கிச் சுற்றறிக்கை வாசிக்கிறார்.

எந்தக் குரலும் தமிழில் ஊகம் செய்துதான் தீர வேண்டும். ப என்ற ஒரே எழுத்துக்குள் இரண்டு ஒலி. 'முகத்தில் பாவம் மாறியது' என்று நடனக் கட்டுரை சொல்லும், குரல் அதைக் கொலைப் பாவமாக்கிவிடும். இரண்டு வாரத்தில் காது தானாகத் திருத்திக்கொள்கிறது.

குரலைவிடப் பெரிய தலைவலி கோப்பு. நண்பர் ஒருவர் தான் சேர்த்துவைத்திருந்த கட்டுரைகளை அனுப்பினார். திறந்தால் குரல், 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று உளறியது. அது 'அம்மா'. பாமினி எழுத்துருவில் தட்டியது. கண்ணுக்கு அம்மாவாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோட் என்கிற ஒருங்குறி பரவும்வரை பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று தமிழுக்கு ஏகப்பட்ட குறியீடுகள், ஆளுக்கொன்று. என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றியதும் அம்மா அம்மாவானாள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் ஒருங்குறியிலேயே கிடைப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் ஊனச் சான்றிதழ் காட்டி உறுப்பினரானால் டெய்சி, ஈபப் என்ற மின்னூல் வடிவங்களில் புத்தகங்கள் எடுக்கலாம்.

அப்பாவின் புத்தகங்கள்தான் எங்கும் கிடைக்காதவை. தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்து எனக்கு வாசித்துக் காட்டியவை, 1960களில் அச்சானவை. ஸ்கேன் செய்து எழுத்தாக்க வேண்டும். "காப்பிரைட் பிரச்சனை வராதா?" என்று கட்டுரை அனுப்பிய அதே நண்பர் கேட்டார். 2012இல் சட்டத்தைத் திருத்தியபோதே, ஊனத்தால் அச்சைப் படிக்க இயலாதவர்கள் சொந்த உபயோகத்துக்கு இப்படி மாற்றிக்கொள்ள வழி செய்துவிட்டார்கள். இதற்கான மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையில் 2014இல் முதலில் இணைந்த நாடும் இந்தியாதான்.

மளிகை வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே கேமரா அளவுக்கு ஓட்டை போட்டு, முன்பக்கத்தை வெட்டித் திறந்தேன். உள்ளே புத்தகம், மேலே போன். பெட்டியின் மூலையில் புத்தகத்தை முட்டவைத்தால் பக்கம் எப்போதும் ஒரே இடத்தில் விழும். இயர்போனின் பொத்தானை அழுத்தினால் படம். நாற்பது பக்கம் அசுர வேகத்தில் எடுத்தேன். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் ஓர் எழுத்துகூட வரவில்லை. இணையத்தைத் திட்டிவிட்டு மறுபடி எடுக்க உட்கார்ந்தேன். மனைவி உள்ளே வந்தாள்.

"என்னங்க, இருட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?"

ட்யூப்லைட்டைப் போடவே இல்லை. இரண்டாவது கண் கடன். இதைக் கடனில் சேர்ப்பதா, மானக்கேட்டில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

வெளிச்சத்தில் எழுத்து வந்தது, ஆனால் பாதிச் சொற்கள் நொண்டின. லை, ணை, னை வருகிற இடமெல்லாம் ஏதோ குப்பை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்த எழுத்துகளின் ஐகாரத்துக்கு அந்தக் காலத்தில் இப்போதுபோல முன்னால் தனிக் கொம்பு கிடையாது, எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி சுழி ஏறும். நான் அதைப் பார்த்ததில்லை. சிறுவயதில் அப்பா என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டியிருக்கிறார். கூச்சத்தில் கையை இழுத்துக்கொள்வேன். இயந்திரம் அந்தச் சுழியைக் கண்டால் தடுமாறுகிறது. எந்தக் குப்பை எந்த எழுத்துக்குப் பதிலாக வருகிறது என்று ஈஸ்பீக்கை எழுத்தெழுத்தாகப் படிக்கவைத்துப் பட்டியல் போட்டு, ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றினேன். ரகரமும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று இடம் மாறியதை மட்டும் அப்படி மாற்ற முடியாது, ஒவ்வொன்றாகத்தான். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். தினம் ராத்திரி நான்கு பக்கம்.

முதல் அத்தியாயம் முடிந்த அன்று கூடத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். அம்மா மாலை கட்டிக்கொண்டிருந்தார். கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவர், வாரப் பத்திரிகை கையில் எடுத்து வருஷம் இரண்டு ஆகிறது.

"டேய், என்ன இது ரயில் மாதிரி ஓடுது. கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் படிக்கச் சொல்லு."

வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறை என்றார். குறைத்தேன். அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது எங்கே என்று கேட்டார். இன்னும் திருத்தவில்லை என்றதற்கு, அப்போ வேறு ஏதாவது போடு என்றார். மதுரைத் திட்டத்திலிருந்து ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அலுவலகம் முடிந்து வந்து அலமாரியில் தடவினால் போன் இல்லை. சார்ஜரும் இல்லை. அம்மாவின் அறையிலிருந்து தமிழ்க் குரல் மாட்டுவண்டி வேகத்தில் கேட்டது. கதவைத் திறந்தேன். "ராத்திரி தரேன்டா" என்றார். அது நடந்து பத்து நாளாகிறது.

சனிக்கிழமை மறுபடி எஸ்.பி. ரோடு போகிறேன். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வேண்டும். சிம் போடும் இடம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை.